டீச்சர், ஒண்ணுக்கு!

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவைப் புறநகர்ப் பால்வாடிகளையும் தனியார் எல்கேஜி வகுப்புகளையும் ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கட்டடம், கழிப்பறை, விளையாட்டுச் சாமான் என்று நன்றாகவே அலசியிருந்தீர்கள். ஆனால் தமிழ்நாடு-கேரள எல்லையில் குடியிருக்கும் எங்களுக்கு ஒப்பிட இன்னொன்றும் இருக்கிறது: இரண்டு மாநிலத்து அங்கன்வாடிகள்.

நான் இருப்பது கேரளப் பக்கம், வேலந்தாவளத்தில். மகன் வீட்டுப் பேத்தி இங்கே கேரள அங்கன்வாடிக்குப் போகிறாள். மகளைக் கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டுப் பக்கம், மதுக்கரையில். அவள் பையன் அங்கே நடுநிலைப்பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் அங்கன்வாடியில் எல்கேஜி. ஒருவன் அம்மிச்சி என்பான், ஒருத்தி ஆத்தா என்பாள். இரண்டு பேரையும் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் மாதத்தில் பாதி நாள் என் வேலை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சோற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, க.க.சாவடியில் என் அக்கா பிள்ளைகள் பால்வாடியில் தட்டோடு உட்கார்ந்தவர்கள். இன்று பேரனுக்குக் கலவை சாதம், முட்டை எல்லாம் உண்டு. கேரளத்தில் 2022 ஆகஸ்ட் முதல் அங்கன்வாடியில் பாலும் முட்டையும் கொடுக்கிறார்கள். உப்புமா வேண்டாம், பிரியாணிதான் வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்ட வீடியோ பரவியதும், 2025-இல் மந்திரி வீணா ஜார்ஜ் மெனுவில் முட்டை பிரியாணியையே சேர்த்துவிட்டார். அந்த விஷயத்தில் பேத்திக்குத்தான் ஜெயம். பேரன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறான்.

குறை என்று வந்தால் யாரிடம் போவது? இங்கே அங்கன்வாடி பஞ்சாயத்தின் பொறுப்பு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் வார்டு மெம்பரைப் பிடித்தால் போதும், ஓட்டுக் கேட்டு அவர் நம் வாசலுக்குத்தானே வரவேண்டும்! மதுக்கரையில் அங்கன்வாடி சமூகநலத் துறைக்கு, எல்கேஜி பள்ளிக்கல்வித் துறைக்கு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு துறை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தபோது இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். 2022-இல் அவர்களைப் பள்ளிக்கே திருப்பி எடுத்துக்கொண்டு, வகுப்பையும் மூடப்போவதாகப் பேச்சு வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டு நடத்தினார்கள். அந்தச் சம்பளத்தில் யார் நிலைத்து நிற்பார்கள்? பேரன் சேர்ந்து ஒரு வருசம் முடிவதற்குள் இரண்டு டீச்சரைப் பார்த்துவிட்டான்.

இனி, என்னை எழுத வைத்த விஷயம். எங்கள் அங்கன்வாடி டீச்சர் உள்ளூர்க்காரர், தமிழ் பேசுவார். போன மழைக்காலத்தில் அவர் லீவில் போனபோது வேறொருவரை அனுப்பினார்கள். மலையாளம் மட்டும் தெரிந்தவர். பேத்தி எழுந்து, "டீச்சர், ஒண்ணுக்கு" என்றிருக்கிறாள். அந்தம்மா குழந்தை எண்ணிக்காட்டுகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே "ஒந்நு... பின்னே? ரண்டு" என்றிருக்கிறார். இவளும் விடாமல் "ஒண்ணுக்கு" என்றிருக்கிறாள். அவரும் விடாமல் ரண்டு, மூந்நு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் போனபோது பாவாடை நனைந்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், என்னை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். பசிக்குது, தூக்கம் வருது, வயிறு வலிக்குது, ஒண்ணுக்கு. 'ரெண்டுக்கு' என்றால் அது வேறு சங்கதி என்று நான் விளக்கியபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் வீட்டுப்பேச்சு தமிழ்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் மீடியம் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து அதுவரைக்கும்? பேத்தியின் அங்கன்வாடியில் படமும் பாட்டும் மலையாளத்தில். பூனையைப் 'பூச்ச' என்கிறாள். சொல்லட்டும், மலையாளம் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மண்ணில் பிழைக்க அதுவும் வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் தயாராகவே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதைத் தமிழ் பேசும் வார்டுகளுக்குக் கேட்டு வாங்க என்ன தடை? மாற்று டீச்சரை அனுப்பும்போது தமிழ் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பக்கூடாதா?

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லாமல்தான் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் காலையிலேயே இங்கிலீஷ் எல்கேஜி வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே மட்டும் ஒண்ணுக்கு என்றால் புரியுமா என்று யாரும் யோசிப்பதில்லை.

பழைய டீச்சர் லீவு முடிந்து வந்துவிட்டார். அந்த அட்டை இன்னும் சுவரில் தொங்குகிறது. வெள்ளையடிக்க வந்தவர்கள் கழற்றப் போனார்கள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்