தார் பாலைவன இரவுகளுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜஸ்தான் சுற்றுலாவுக்கு நம் ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்படும் காலம் இது. கடந்த ஜனவரியில் நண்பர்கள் நால்வருடன் தார் பாலைவனத்தில் இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கித் திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் இரவு, ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சம் மணல்மேடுகளில் தங்கினோம். பொழுது சாய்ந்ததும் ராஜஸ்தானின் பரம்பரை நாட்டுப்புறப் பாடகர்களான மாங்கனியார் கலைஞர்கள் கமாயச்சா என்ற நரம்பிசைக் கருவியை வில்லால் இழைத்து, கர்தால் கட்டைகளைத் தட்டிப் பாடினார்கள். மொழி புரியாத எங்களையும் அந்தக் குரல்கள் அசையவிடாமல் உட்காரவைத்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கூடாரத்தை நடத்துபவர்கள் அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டுத் திரைப்பாடல்களை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பக்கத்துக் கூடாரங்களிலும் அதே முழக்கம், ஜெனரேட்டர் இரைச்சல், கண்ணைக் கூசும் விளக்குகள். நள்ளிரவு தாண்டியும் அது ஓயவில்லை. திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுவதை அங்கே யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மறுநாள் குரி கிராமத்தருகே ஒரு குடும்பத்தினர் நடத்தும் சிறிய கூடாரத்துக்கு மாறினோம். கம்பு ரொட்டியும், நம் சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரத்தின் காயில் செய்த கறியும் பரிமாறிய பின், விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஈரமற்ற காற்றில் மணல் வெகுவிரைவில் குளிர்ந்துவிட, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது கார்த்திகையின் ஆறு மீன்களையும் தனித்தனியே எண்ண முடிந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் சென்றது இதற்காகத்தான்.

இது வெறும் தூக்கம் கெட்ட ஆதங்கம் அன்று. சம் மணல்மேடுகளை ஒட்டி 3,162 சதுர கி.மீ. பரப்பில் விரிந்துள்ள பாலைவன தேசியப் பூங்கா, கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரிய தரைவாழ் பறவையின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் இப்பறவை, ஒருகாலத்தில் தமிழகத்துப் புல்வெளிகளிலும் வாழ்ந்து இங்கே அற்றுப்போனது. மிஞ்சியிருப்பவை 200-க்கும் குறைவு. அவற்றின் வாழிடத்துக்கு இவ்வளவு அருகில் இரவெல்லாம் ஒலியும் ஒளியும் பாய்ச்சுவதை ராஜஸ்தான் அரசு கட்டுப்படுத்த வேண்டும்.

நம் பக்கமும் பொறுப்பு உண்டு. தமிழகத்திலிருந்து பயணிகளை அழைத்துச் செல்லும் முகவர்கள், ஒலிபெருக்கி இல்லாத கூடாரங்களையே பதிவு செய்ய வேண்டும். முன்பணம் கட்டுமுன் பயணிகளும் அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆட்டம்பாட்டத்துக்குச் செலவிடும் தொகையை மாங்கனியார் கலைஞர்களுக்குக் கொடுத்தால், அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் மகிழ்ச்சியுடன் பாடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.