அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் நன்றி

அன்புள்ள டீச்சர்களே, ஆயாம்மாக்களே, பெற்றோர்களே,

வணக்கம். சின்னப் பிள்ளைகளோடு பழகக் கற்க வந்த எங்கள் பயிற்சிக் குழுவுக்கு உங்கள் மையங்களில் இடம் கொடுத்தீர்கள். பால்வாடி என்றால் சோறு போடும் இடம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. அதை நாள்தோறும் நடத்திக்காட்டுபவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, காலையில் வாசலில் நிற்கும் ஆயாம்மாக்களுக்கு. புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதால், அது வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் அம்மா நழுவிவிடுவது வழக்கம். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். மறுநாள் பிள்ளை சேலையை விடவே விடாது. அம்மா எந்த நொடியில் காணாமல் போவாளோ என்ற பயம் அது. "சொல்லிட்டுப் போங்கம்மா" என்று நீங்கள் நிறுத்துவீர்கள். அந்த வயதுக்கு மணிக்கணக்கு புரியாது என்பதால், "சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வருவாங்க" என்பீர்கள். சொன்னபடி வந்தே ஆகவேண்டும் என்று அம்மாவிடமும் கறாராகச் சொல்வீர்கள். புளியங்கொட்டையை எண்ணக் கொடுத்தால் மூக்குக்கும் காதுக்கும் போய்விடும் என்று எச்சரித்து, கொட்டாங்குச்சிகளைக் கழுவி, விளிம்பு தேய்த்துத் தந்ததும் நீங்கள்தான்.

பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்று டீச்சர்களிடமிருந்து கற்றோம். "ஓடாதே" என்ற சொல்லில் பிள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இல்லை. "மெதுவா நடந்து வா" என்பதில் இருக்கிறது. கை கழுவு, தட்டை எடு, வரிசையில் உட்கார் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் மனதில் நிற்கும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் 5 வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். பெரியவர்கள் அதற்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இல்லை, சொல் கிடைக்க நேரமாகிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லித்தருபவருக்கும் இது அப்படியே பொருந்தும்.

பிள்ளைகள் உருட்டி விளையாட மாவு பிசைந்து கொடுத்த தாய்மார்களுக்குத் தனி நன்றி. மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 ஸ்பூன், தண்ணீர் முக்கால் டம்ளர். தண்ணீரைச் சிறிது சிறிதாகத்தான் விடவேண்டும். பீட்ரூட் சாறு சேர்த்தால் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கல்லுப்பு நறநறக்கும், கையில் கீறல் இருந்தால் எரியும். மழைநாளில் உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஒரு பிடி மைதா போட்டுப் பிசைந்தால் சரியாகும். உப்பு அதிகம் என்பதால் வாயில் போடாமல் கூடவே இருந்து பார்க்க வேண்டும். ஆனால் இதில் பெரிய தவறு மாவில் நேர்வதில்லை. பெரியவர் ஒருவர் அழகான யானை செய்துவிட்டால் போதும், பிள்ளைகள் தங்கள் உருண்டையை நசுக்கிவிட்டு "எனக்கும் செஞ்சு கொடு" என்று நிற்பார்கள். அருகில் உட்கார்ந்து வெறுமனே உருட்டிக்கொண்டிருப்பதே உதவி. கையைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்று அங்கேதான் தெரியும்!

ஒரே நிறத்தில் இரண்டிரண்டு வாளி வாங்கித்தந்த பெற்றோருக்கும் நன்றி. இரண்டு வயதில் பகிர்வதைப் பற்றிப் பாடம் நடத்துவதைவிட இரண்டாவது வாளி சண்டையை விரைவில் தீர்க்கிறது. துணித்துண்டுகள் தந்த தையல்காரர்களே, பொம்மைகளுக்கு இன்னும் துணி தேவைப்படுகிறது. பொத்தான் இல்லாததாகப் பார்த்து எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
பயிற்சிக் குழுவினர்