உன் நாய்க்கு விசர் இல்லை

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள சிவம்,

கடிதம் கிடைத்தது. குளிக்க வார்த்ததும் நாய்க்குட்டி வளவெல்லாம் சுழன்று ஓடுகிறது, அயலவர்கள் விசர் என்கிறார்கள், கனடாவில் இருக்கும் மகளோ 'சூமீஸ்' என்று சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். மகள் சொன்னதுதான் சரி. நாய் திடீரென்று இப்படிச் சுழன்று ஓடுவதற்கு ஆங்கிலத்தில் அதுதான் செல்லப்பெயர், 'சூம்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

ஆங்கிலத்தில் 'சூம்' முதலில் வண்டு இரைவதைக் குறித்த ஒலிக்குறிப்பு. முதலாம் உலகப் போர்க்கால விமானிகள், விமானம் வேகமெடுத்துச் சட்டென்று செங்குத்தாக ஏறுவதற்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கமெரா லென்சுக்கு வந்தது அதற்குப் பிறகு. காய்ச்சல் வருவதுபோல நாய்க்கு 'சூமீஸ்' வரும் என்று செல்லமாகச் சொல்வது ஆங்கிலம் பேசுபவர்களின் வழக்கம். விலங்கு நடத்தைத் துறைசார்ந்தவர்கள் 'ஃபிரெனெட்டிக் ரேண்டம் அக்டிவிட்டி பீரியட்ஸ்' (வெறிகொண்டதுபோல் கண்டபடி இயங்கும் நேரங்கள்) என்று நீட்டி, 'ஃபிராப்' என்று சுருக்குவார்கள்.

சூமீஸ் வந்த நாய் பின்பக்கத்தைத் தாழ்த்தி, காதை மடக்கி, வட்டமடித்து, திடீரென்று திசை மாற்றி ஓடும். ஓரிரு நிமிடத்தில் தானே படுத்து இளைக்கும், தண்ணீர் குடிக்கும், பெயர் சொன்னால் வாலாட்டும். குளிப்பு, மலம் கழித்தல், நெடுநேரம் கட்டிக்கிடந்து அவிழ்த்தல், இவற்றுக்குப் பிறகுதான் கூடுதலாக வரும். அதனால் அயலவர்கள் சொல்வதைக் கேட்டுக் கட்டிப்போடாதே, இன்னும் கூடும். பூனைக்கும் வரும், பெரும்பாலும் மைம்மல் பொழுதில்.

விசர்நோய் நிமிடக்கணக்கில் வந்துபோகாது. குணம் மாறும், காரணமில்லாமல் கடிக்கும், விழுங்க முடியாமல் வீணீர் வடியும், குரல் மாறும், பின்கால் தளரும். நாளுக்கு நாள் மோசமாகும், சுகம் வராது. அப்படி ஒரு நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாய் ஓடாமல் பக்கவாட்டில் விழுந்து, கால் வெட்டி இழுத்து, கூப்பிட்டாலும் உணராவிட்டால் அது வலிப்பு. அதற்கு மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும்.

எனக்குக் கவலை உன் வீட்டு மாபிள் விறாந்தையும் கட்டில்லாத கிணறும். ஈரக்காலோடு வழுக்கித் திரும்பும்போது பின்கால் முழங்கால் மூட்டின் இணைப்பு நார் அறுந்துவிடக்கூடும். வார்க்க முன்னரே கேற்றைப் பூட்டு, கிணற்றைப் பலகையால் மூடு, பிறகு மணல் முற்றத்தில் வைத்தே துவாயால் காதுவரை துடைத்துவிடு. துரத்தாதே, அது விளையாட்டென்று எண்ணி இன்னும் ஓடும். எதிர்ப்பக்கமாக நாலடி நடந்து, குந்தியிருந்து கூப்பிடு, உன்னிடம் வந்துவிடும்.

விசர்த் தடுப்பூசி அட்டையில் அடுத்த திகதி என்ன என்று பார்த்து எழுது. அயலவருக்கும் அந்த அட்டையைக் காட்டு.

அன்புடன்,
ராசன்