பருவ நிறைவுக் கடிதம்: பிள்ளைகளின் பற்கள் குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வு முடிவுகள் திருப்தி. விளையாட்டு விழா, கலைநிகழ்ச்சி எல்லாம் சிறப்பாக நடந்தன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

அறிவியல் கண்காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நம் உடலில் எது பலசாலி?’ என்று ஏழாம் வகுப்பு பிள்ளைகள் வைத்த அரங்கில்தான் கூட்டம் அதிகம். எலும்புகளில் தொடை எலும்பு, தசையை எலும்போடு இணைக்கும் நாண்களில் குதிகால் நாண், எடைக்கு எடை பார்த்தால் தாடையின் மெல்லும் தசை, கடினத்தில் எல்லாவற்றையும் மிஞ்சியது பல்லின் எனாமல் என்று அழகாக விளக்கினார்கள். நாக்குதான் மிகப் பலமான தசை என்ற கதையையும் உடைத்தார்கள். அது ஒரே தசையே அல்ல, எட்டு இணைத் தசைகளின் கூட்டாம். (அதன் பலம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தினமும் தெரியும்.)

சிக்கல் அப்புறம்தான் வந்தது. கேட்டதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். தொடை எலும்பை நம்பி மாடிப்படியிலிருந்து குதித்ததை உடனே நிறுத்திவிட்டோம். பல் போட்டிதான் நின்றபாடில்லை. பாட்டில் மூடியைக் கடித்துத் திறப்பது, ஸ்கேலைக் கவ்வி வளைப்பது. பறிமுதல் செய்த பேனா மூடிகள் என் மேசையில் இருக்கின்றன. ஒன்றில் முன்பல் இரண்டும் அச்செடுத்தாற்போல் பதிந்திருக்கிறது.

கடினமாக இருப்பது வேறு, உடையாமல் இருப்பது வேறு. எனாமலில் 96 சதவீதம் தாதுப்பொருள். அதனால் கண்ணாடியைப் போல, கீறல் எளிதில் விழாது, ஆனால் விரிசல் விடும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமலை உருவாக்கும் செல்களோ பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன; உடைந்த துண்டு திரும்ப வளராது. புதிதாக முளைத்த நிலைப்பல்லின் எனாமல் முழுதாக இறுகவும் காலம் பிடிக்கும். நம் பிள்ளைகளில் பலருக்கு இது அந்த வயது.

ஒன்றைத் தயங்கித்தான் எழுதுகிறேன். “வீட்டில் பெரியவங்களும் பாக்கெட்டைப் பல்லாலதானே திறக்கிறாங்க” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவசரத்தில் யாரும் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கத்தரிக்கோலை எட்டும் இடத்தில் வைத்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

அடுத்த பருவத்தில் பள்ளி வளாகத்துக்குள் இந்தப் போட்டி நடந்தால், விளையாட்டு என்று விடமாட்டோம். கடித்தவர், பந்தயம் கட்டியவர், சுற்றி நின்று கைதட்டியவர் என எல்லோருடைய பெற்றோரையும் நேரில் அழைப்போம். இதில் விதிவிலக்கு கிடையாது.

அப்படியும் நிலைப்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம். பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேரப் பாருங்கள். பல்லைத் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. பால்பல்லாக இருந்தால் திரும்ப வைக்க முயல வேண்டாம். மருத்துவரிடம் காட்டினால் போதும்.

கண்காட்சிக்காக இரவு வெகுநேரம் விழித்து அட்டையில் எலும்புக்கூடு வெட்டிக்கொடுத்த பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த எலும்புக்கூடு இப்போது அறிவியல் ஆய்வகத்தில் தொங்குகிறது, வந்து பாருங்கள். விடுமுறை இனிதாகக் கழியட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்