‘மை பென் ரை’ சொன்னவர்களுக்கு

இந்த மடல் தாய்லாந்தில் யாருக்கு எழுதுகிறேனோ அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். நேரில் போய் “கோப் குன் க்ராப்” என்று கைகூப்பினால், சொல்லி முடிப்பதற்குள் “மை பென் ரை” என்று கையை அசைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பரவாயில்லை, ஒன்றுமில்லை, விடுங்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்தான். தாய் மொழியில் சொல்ல விடாத நன்றியை என் தாய்மொழியில் சொல்லிவிடுகிறேன். இங்கே குறுக்கே பேச ஆளில்லை.

நானும் மனைவியும் ஹுவா ஹின்னுக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஏழாம் ராமா மன்னர் 1920களில் இங்கே கட்டிய கோடை அரண்மனைக்கு ‘க்லாய் கங்வோன்’ என்று பெயர். கவலைக்கு எட்டாத தூரம் என்று அர்த்தம். 1932 ஜூனில் பாங்காக்கில் புரட்சி நடந்து முழு முடியாட்சி கவிழ்ந்தபோது மன்னர் தங்கியிருந்தது அங்கேதான். கவலை அவரை ஹுவா ஹின் வரை தேடி வந்தது. எங்களுக்குக் கடல் வழியாக வந்தது.

அக்டோபர் மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். காவ் தகியாப் குன்றைப் பார்த்தபடி மனைவி முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒரு அலறல். தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால், காலில் சாட்டையால் அடித்த மாதிரி சிவப்புக் கோடுகள், அதில் கண்ணாடி நூல் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெல்லி மீன். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சொறி என்போம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான் என்ன செய்தேன் தெரியுமா? குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவப் போனேன்.

முதல் நன்றி, என் மணிக்கட்டை இறுகப் பிடித்து நிறுத்திய குதிரைக்காரருக்கு. கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப்போகிறவர். அதுவரை நாங்கள் இரண்டு வார்த்தை பேசியதில்லை. நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் விஷத்தைக் கக்குமாம். தேய்த்தாலும் அப்படித்தான். காலை அசையாமல் பிடித்துக்கொண்டே நூடுல்ஸ் வண்டியைப் பார்த்துக் கத்தினார்.

நூடுல்ஸ் வண்டி பா ஓடி வந்தார். ‘பா’ என்றால் அப்பா இல்லை, பெரியம்மா. இந்த ஊரில் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. அண்ணன், அக்கா என்றால் பீ, பெரியப்பா வயது என்றால் லுங். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. பா கையில் ஒரு பெரிய வினிகர் பாட்டில். மேசைமேல் மிளகாய் மிதக்கும் வினிகர் கிண்ணம் இருக்குமே, நல்லவேளை அதை எடுத்து வரவில்லை. காலில் விடாமல் ஊற்றிக்கொண்டே நுங், சோங், சாம் என்று முப்பது தாண்டியும் எண்ணினார். வினிகர் வலியைக் குறைக்காது, இன்னும் வெடிக்காத செல்களை வெடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான் என்று பிறகு மருத்துவர் சொன்னார். பெட்டி வடிவ ஜெல்லி மீனாக இருந்தால் சில நிமிடத்தில் இதயமே நின்றுபோகலாமாம். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸ் எண் 1669க்கு போன் போட்டவள் பாவின் பள்ளிக்கூடப் பெண். நான் பேசியிருந்தால் தொலைந்தது. தாய் மொழியில் ‘மா’ என்பதை ஒரு சுரத்தில் சொன்னால் வா, இன்னொன்றில் குதிரை, மற்றொன்றில் நாய். ஆம்புலன்ஸை வரச்சொல்லப் போய் நான் குதிரையைக் கேட்டிருப்பேன். அது ஏற்கெனவே பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

அன்று இரவு முழுக்க மனைவியை மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். எங்கள் சோய் முனையில் நிற்கும் மோட்டார்சைக்கிள் டாக்ஸிக்காரருக்கு போன் செய்தேன். சோய் என்றால் சந்து. வீட்டுக்காரம்மாவை எழுப்பி, மாற்றுச் சாவியால் கதவைத் திறக்கவைத்து, அரை மணியில் கொண்டுவந்து கொடுத்தார். காசை நீட்டினேன். மை பென் ரை.

அப்புறம் ஜெராக்ஸ் கடை அக்கா. நகலெடுக்கும்போதே பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த துண்டுச்சீட்டைக் கவனித்து, “90 நாள் முடியப் போகுதே” என்று கேட்டார். இங்கே நீண்ட நாள் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிக்க வேண்டும், தவறினால் 2,000 பாட் அபராதம். அந்தக் களேபரத்தில் எனக்கு அது நினைவிலேயே இல்லை. படிவத்தையும் அவரே நிரப்பி, நகல் நகலாக எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துத் தந்தார்.

மறுநாள் காலை பா ஒரு தூக்கு நிறைய காவ் தோம் அனுப்பியிருந்தார். மனைவி சைவம். அது ‘ஜே’ என்ற சைவ விரத நாட்கள், தெருவெல்லாம் மஞ்சள் கொடி பறந்துகொண்டிருந்த நேரம், அதனால் மீன் சாஸ் பயமில்லை. ஆனால் ஜே என்றால் பூண்டு, வெங்காயமும் கிடையாது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “கஞ்சிதான். பூண்டுதான் இல்லை” என்றாள். அவள் குறை சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது.

எங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு பத்தி எழுத ஆசைதான். அவர்கள் இன்னும் காகிதம் கேட்டுக்கொண்டிருப்பதால் இந்த மடலில் இடமில்லை.

பக்கத்து வீட்டு லுங்கை விட்டுவிடக் கூடாது. வீடு திரும்பிய பிறகும் தழும்பு அரித்துக்கொண்டே இருந்தது. லுங் கடற்கரையிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி வந்து இலையை நசுக்கினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டுக்கால் அடம்பு! சின்ன வயதில் மணல்மேட்டில் அதன் ஊதாப் பூவைப் பறித்து ஊதிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இங்கே அதற்குப் பெயர் பக் பூங் தலே, ஜெல்லி மீன் கடிக்குப் பழைய கைவைத்தியம். மருத்துவரிடம் காட்டினேன். “முதலில் வினிகர், பிறகு ஆஸ்பத்திரி, இதெல்லாம் கடைசியில்” என்றார். லுங்கிடம் அதை நான் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று ஒரு டஜன் வினிகர் பாட்டில் வாங்கி பாவின் வண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். பதினொன்றைத் திரும்ப என் ஸ்கூட்டரில் வைத்துவிட்டார். ஒன்றை மட்டும் எடுத்து, குடையின் கம்பில் கயிறு போட்டுக் கட்டினார், கடலிலிருந்து ஓடி வருகிறவர் கைக்கு எட்டுகிற உயரத்தில்.