பல்லாங்குழிக்கு எந்த முத்து? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

தமிழ் மொழி விழாவுக்குச் சமூக மன்றத்தில் பல்லாங்குழி மூலை ஒன்று போடப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். "குழியில் போடும் முத்துக்குக் கண்ணாடிக் கோலி போதாதா அத்தை?" என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு சிலரும் இதையே கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போதாது.

முதலில் பலகை. அதற்காக ஊரிலிருந்து ஆள் பிடித்து வரவழைக்காதே. இங்கே சிங்கப்பூரில் கேலாங் சிராய் பக்கம் கிடைக்கும் சொங்காக் பலகையே போதும். சொங்காக் என்பது மலாய்க்காரரின் பல்லாங்குழி. அதிலும் பெரும்பாலும் ஏழேழாக இரண்டு வரிசைதான். இரு முனையிலும் இருக்கும் பெரிய குழிகள் மலாய்க்காரர் ஆட்டத்தில் 'வீடு'. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு முத்து போட்டுவிட்டுத்தான் போவார்கள். நமக்கு அவை ஜெயித்த முத்தைக் கொட்டிவைக்கும் இடம், அவ்வளவே. விதியைக் கலந்துவிடாதே. சொங்காக்கில் கடைசி முத்து விழுந்த குழியில் ஏற்கெனவே முத்து இருந்தால் அதையே அள்ளிக்கொண்டு போவார்கள். நாம் அதற்கு அடுத்த குழியை அள்ளுவோம். அடுத்த குழி காலியா? அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை ஜெயித்த முத்தாக எடுத்துக்கொள்வோம்.

இனி முத்து. கோலி ஏன் வேண்டாம் என்றால், பல்லாங்குழி முழுக்க விரல் வேலை. ஒரு கையில் அள்ளி, பார்க்காமலே கட்டைவிரலால் ஒன்றொன்றாகத் தள்ளிவிட வேண்டும். கோலி வழுக்கும், குழியில் விழுந்ததும் எம்பிப் பக்கத்துக் குழிக்குத் தாவும். அப்புறம் யார் எதைப் போட்டார்கள் என்று சண்டை. பத்துப் பதினைந்து சேர்ந்துவிட்டால் சின்னப் பிள்ளையின் கையில் அடங்கவும் அடங்காது.

அதைவிட முக்கியம் 'பசு'. விதை போட்டுக்கொண்டே வரும்போது உன் குழியில் நான்கு சேர்ந்தால், அடுத்தது விழுவதற்குள் "பசு" என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே குழிக்குள் மூன்றா நான்கா என்பது எட்டிப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். புளியங்கொட்டை இதில்தான் காலை வாருகிறது: பழுப்புப் பலகையில் பழுப்புக் கொட்டை! தேக்காவில் வாங்கிய புளியைக் கரைத்த பிறகு கழுவிக் காயவைத்தால் செலவே இல்லாமல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வண்டு துளைக்கும். சோழி பார்க்க லட்சணம், கொட்டும்போது வரும் ஓசைக்கே ஆடலாம். ஆனால் ஏழெட்டு விழுந்ததும் குழி வழியும்.

என் ஓட்டு மஞ்சாடிக்கு. ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வார்கள். இங்கே 'சாகா' என்றால் பிள்ளைகளுக்கே தெரியும். காய்ந்த நெற்று முறுக்கிக்கொண்டு வெடித்து, சிவப்பு விதைகள் நடைபாதையில் சிதறும் மரம். சிவப்பு எத்தனை வருஷமானாலும் மங்காது, அளவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஏறக்குறைய கால் கிராம். அதை நம்பித்தான் அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் பொன்னையே நிறுத்தார்கள். ஆசைப்பட்டுப் பூங்காவில் பொறுக்கப் போய்விடாதே, அதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். என் மாமியார் சேர்த்துவைத்தது ஒரு மைலோ டின் நிறைய இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "பாரம்பரியம்" என்று யாராவது குண்டுமணி கொண்டுவந்தால் மேசையில் வைக்கவே விடாதே. சிவப்பு உடம்பில் கறுப்புக் கண், அழகுதான். இலங்கையில் சிங்களவர்கள் ஒலிந்த கெலிய என்ற குழியாட்டம் ஆடுவதே அதை வைத்துத்தான். ஆனால் அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. விதையின் மேல்தோல் கெட்டி, அது உடையாத வரை பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு பிள்ளை கடித்துவிட்டால்? மஞ்சாடியும் பச்சையாகத் தின்னும் பொருளில்லை. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் வாண்டுகளை வேறு மூலைக்கு அனுப்பிவிடு.

கணக்கு: குழிக்கு ஐந்து என்றால் பலகைக்கு 70, ஆறு என்றால் 84. பன்னிரண்டு போட்டு ஆடும் வீடுகளும் உண்டு, ஒரு ஆட்டம் முடியவே பொழுது சாய்ந்துவிடும். விழாவில் வரிசை நிற்கும், ஐந்தே போதும். தோற்ற பிள்ளை அடுத்த ஆட்டத்துக்கு ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாமல் முழித்தால் எழுப்பி விடாதே. இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடச் சொல், அதைத்தான் கஞ்சி காய்ச்சுவது என்போம். அங்கிருந்து ஏறி வந்து ஜெயிப்பவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன், உன் அப்பா உட்பட.

எத்தனை பலகை என்று சொல், முத்தை எண்ணித் துணிப்பையில் கட்டிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
அத்தை