லேசிக் செய்துகொண்டவர் கையில் இருக்கவேண்டிய தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காகக் கண்ணில் செய்யும் லேசிக் சத்திரசிகிச்சைக்குப் பின் தாம் படும் பாட்டை வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறார், பார்வை 6/6 என்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் கண் எரிகிறது, இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. செய்த இடத்தில் கேட்டால், "எல்லாம் நல்லாய்த்தானே இருக்கு" என்கிறார்கள். இதுதான் அவரது முறைப்பாடு. அவர் சொல்வதும் உண்மை, அவர்கள் எழுதிய 6/6உம் உண்மையாக இருக்கலாம். வெளிச்சமான அறையில் வெள்ளைப் பலகையிலுள்ள கறுப்பு எழுத்தை வாசிக்க முடிகிறதா என்பதை மட்டுமே அந்த இலக்கம் காட்டும். கண்ணீரின் தரமும் இருட்டில் கண்மணி விரியும்போது நடப்பதும் அதில் அகப்படா.

எரிச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கோர்னியாவில் 100 முதல் 120 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிப்புள்ள மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்ப வைப்பதே லேசிக். வெட்டும்போது படலத்தின் உணர்வு நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்கு அறிவிப்பவை இந்த நரம்புகள். அறிவிப்புக் குறைய, கண்ணீர் சுரப்பதும் இமைப்பதும் குறைந்துபோகும். முதல் மூன்று மாதங்கள்தான் மோசமானவை. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் தணிந்துவிடும். முன்பே கண்ணீர் குறைவாக இருந்தவர்களுக்கே இது இழுபடும். கொன்ரக்ட் லென்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று லேசிக்கைத் தேடிப் போவோர் பலர். லென்ஸ் ஒத்துக்கொள்ளாததற்கே உலர்கண் காரணமாக இருக்கலாம் என்பதை அவர்களில் எத்தனை பேரிடம் யார் எடுத்துச் சொல்கிறார்கள்? கீழிமையில் ஒரு காகிதப் பட்டியைச் செருகி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீற்றர் நனைகிறது என்று பார்ப்பது மிக மலிவான சோதனை. 10க்குக் குறைந்தால் யோசிக்கவேண்டும். 5க்குக் குறைந்தால் முதலில் உலர்கண்ணுக்கு வைத்தியம், லேசிக் பேச்சு பிறகு.

எங்கள் யாழ்ப்பாணத்தில் இதற்குக் காற்றும் ஒரு பங்காளி. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முகமூடி இல்லாத தலைக்கவசத்தோடு மோட்டார் சைக்கிள் ஓடினால், கண்ணில் விட்ட செயற்கைக் கண்ணீர்த் துளி சந்தி தாண்டுமுன் காய்ந்துவிடும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஏசிக் காற்று முகத்துக்கு நேரே வருமானால் மேலேயுள்ள துவாரத்தைத் திருப்பி விடுங்கள். போத்தலில் வரும் துளிகள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பாதுகாப்புப் பொருள் உண்டு. ஒரு நாளில் நான்கைந்து தடவைக்கு மேல் விடவேண்டியவர்களுக்கு அதுவே கண்ணின் மேற்பரப்பைக் கெடுக்கும். ஒருமுறை பாவித்து எறியும் சிறு குப்பிகளைக் கேட்டு வாங்குவது நல்லது, விலை கூடினாலும்.

கண் பார்க்கச் சுத்தமாக இருந்தும் மாதக்கணக்கில் வலி தொடருமானால் நரம்பே பிழையாக மீண்டிருக்கக்கூடும். வைத்தியர் கண்ணை மரத்துப்போகச் செய்யும் துளி ஒன்றை விட்டுப் பார்ப்பார். அதன் பின்னும் வலி குறையாவிட்டால் மூலகாரணம் கண்ணின் மேற்பரப்பில் இல்லை. நரம்பு வலிக்கான வைத்தியம் தேவை. (அந்தத் துளியை வீட்டில் வைத்து விடவே கூடாது. அது கோர்னியாவையே அரித்துவிடும்.)

இனி அந்த வளையங்கள். லேசரின் துல்லியத்தில் பெரிதாகக் குறை காண முடியாது. 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள அதன் ஒரு துடிப்பு ஏறத்தாழ கால் மைக்ரோன் இழையத்தை மட்டும் எடுக்கும். இழையத்தைச் சுடாமல் செதுக்கலாம் என்று 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் கண்டவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். கணக்கில்தான் சிக்கல் வருகிறது. 6.5 மில்லிமீற்றர் விட்டத்துக்குச் செதுக்கும்போது குறும்பார்வையின் ஒவ்வொரு பவருக்கும் சுமார் 14 மைக்ரோன் போகும். 6 மில்லிமீற்றர் என்றால் 12. கோர்னியாவின் தடிப்பு 500 மைக்ரோன் உள்ள கண்ணுக்குப் பவர் மைனஸ் 8 என்று வைப்போம். மூடிக்கு 110, செதுக்கலுக்கு 112, மிஞ்சுவது 278. குறைந்தது 250 மிஞ்சவேண்டும் என்பது பழைய விதி. இன்று பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் 300 கேட்கிறார்கள். மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பின் 40 வீதத்தைத் தாண்டுவதையும் ஆபத்தாகக் கொள்வர். இங்கே அது 44 வீதம். விட்டத்தை 6ஆகச் சுருக்கினால் 16 மைக்ரோன் மிச்சம்தான். ஆனால் இருட்டில் 7 மில்லிமீற்றர்வரை விரியும் கண்மணியை உடைய இளைஞருக்குச் செதுக்காத ஓரத்தினூடாகவும் ஒளி புகுந்து வளையம் காட்டும். படலத்தைக் காக்கப் போனால் இரவுப் பார்வை கெடுகிறது. இரண்டும் சரிவராத கண்ணுக்கு லேசிக் வேண்டாம் என்று சொல்வதே முறை.

வளையம் இருப்பவர் உடனே இரண்டாம் லேசருக்கு ஓடவேண்டியதில்லை. உலர்கண்ணைச் சீராக்கினாலே பலருக்குப் பாதி குறையும். மிஞ்சிய சிறு பவருக்கு இரவில் வாகனம் ஓட்ட மட்டும் ஒரு கண்ணாடி போதும். திருத்தச் செதுக்கல் வேண்டுமென்றால் பவர் மாறாமல் நின்றிருக்கவேண்டும், மூன்று மாதமாவது பொறுக்கவேண்டும், படலத் தடிப்பும் போதவேண்டும்.

மேற்சொன்ன கணக்குப் பிழைத்தாலோ, படலம் கூம்புபோலாகும் கெரற்றோகோனஸ் நோய் வெளித்தெரியாமல் முன்பே இருந்தாலோ வருவது எக்ரேசியா. படலம் வலுவிழந்து முன்னே பிதுங்கிக்கொண்டு போகும். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்தே தெரியும். கண்ணாடிப் பவரும், படலத்தின் சீரற்ற வளைவுக்கான சிலிண்டர் பவரும் மாறிக்கொண்டே இருப்பது அதன் அறிகுறி. ரைபோபிளேவின் துளியும் 365 நனோமீற்றர் புறஊதா ஒளியும் கொண்டு படலத்தை இறுக்கும் சிகிச்சை, பிதுங்குவதை நிறுத்தவே பெரும்பாலும் உதவும். போன பார்வையை மீட்டுத் தராது. ஆகவே முன்பரிசோதனையில் கோர்னியாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டினதும் வரைபடம் எடுத்திருக்கவேண்டும். அதற்குமுன் மென் லென்ஸை ஒன்று இரண்டு கிழமையும் வன் லென்ஸை மூன்று நான்கு கிழமையும் கழற்றி வைக்காவிட்டால் அந்த வரைபடத்தை நம்ப முடியாது. காலையில் லென்ஸைக் கழற்றி, மத்தியானம் படமெடுத்து, பின்னேரம் லேசர் என்று ஓடும் "பக்கேஜ்" பயணங்கள் எங்களுக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

சென்னைக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்து, மறுநாளே ஊர் திரும்புவதிலும் ஆபத்து உண்டு. மூடிக்குக் கீழே கிருமியில்லாமலே வரும் அழற்சி முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டும். மணிக்கொரு தடவை ஸ்ரெரொயிட் துளி விடவேண்டி வரலாம், முற்றினால் மூடியைத் தூக்கிக் கழுவவேண்டும். மூடியில் விழுந்த சுருக்கத்தையும் பிந்த விடாமல் நீவினால்தான் போகும். ஒரு கிழமையாவது செய்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. நாளுக்கு நாள் கூடும் வலி, கடும் சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை குறைதல், கண்ணின் கறுப்புப் பகுதியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போகவேண்டும். பார்மசியில் சீட்டில்லாமல் துளி வாங்கி விட்டுப் பார்ப்பதற்கு இதில் இடமில்லை. தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரும் அறவே கூடாது. இரவில் ஒரு கிழமைக்குக் கண்கவசம், ஒரு மாதத்துக்கு எண்ணெய் வைத்து முழுகுவதும் கீரிமலைக் கேணியும் கடலும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வருவோர் புறப்படுமுன் லேசிக் செய்துகொண்டால் அந்த வருடம் பிரதட்டையை, அதாவது மண்ணில் உருண்டு கோயிலை வலம்வருவதை, தவிர்ப்பது புத்தி. கசக்குவது முதல் மாதங்களில் மட்டுமல்ல, என்றைக்குமே கூடாது. ஆண்டுகள் கழிந்தும் பலத்த அடியில் மூடி விலகியதுண்டு.

எங்களிடம் வருவோரில் மிகப் பலர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் வருகிறார்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய பவர், கோர்னியாவின் வளைவு அளவு, தடிப்பு, மூடியின் தடிப்பு, செதுக்கிய ஆழம், விட்டம், சத்திரசிகிச்சைக்குப் பின் நிலைத்த பவர் ஆகியன ஒரே தாளில் அடங்கும். எக்ரேசியா என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட முந்திய வரைபடமும் வேண்டும். அறுபது வயதில் கண்புரைக்கு உள்வில்லை வைக்கும்போது, லேசிக் செய்ததை அறியாமல் வழமையான கணக்கைப் போட்டால் பவர் தவறி, தூரத்தைப் பார்க்கவும் கண்ணாடி போடவேண்டி வரும். படலம் மெலிந்ததால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகவே அளவுகோலில் விழும், குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய் தெரியாமலே போகலாம். நிலையங்கள் பதிவுகளை எத்தனை வருடம் வைத்திருக்கும் என்று நம்பி இருக்காமல், பணம் கட்டும் நாளிலேயே இந்தத் தாள் வேண்டுமென்று எழுத்தில் கேட்டு வையுங்கள், பவர் நிலைத்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதனைத் துறையில் பணியாற்றும் சிலர்,
யாழ்ப்பாணம்.